சிறு நிலத்துக்கு ஏற்ற டிராக்டர்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குச் செல்லும் பழைய சாலையில் அமைந்துள்ள ஊர் நாவலூர். இன்று அங்கே வானளாவிய கட்டடங்களும் கணினி நிறுவனங்களும் நிறைந்து விளங்குகின்றன. சில பத்தாண்டுகளுக்கு முன்னர் அவ்வூர் வயல்கள் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. அச்சாலையில் தெற்கு நோக்கிச் சென்று, கேளம்பாக்கத்தையும் திருப்போரூரையும் கடந்து, செய்யூர், மதுராந்தகம் பக்கமாகத் திரும்பினால், ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் கழனிகளை இன்றும் காணலாம். ஏரிகள் மிகுந்திருத்தலின் செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களில் இங்கு நெல் பயிராகின்றது.

இப்பகுதி உழவருள் பெரும்பாலோர் சிறு நிலம் உடையவர். 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உழவர் ஒருவர் பயிரிடும் நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அஃதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. முற்காலத்தில் இத்தகைய நிலத்துக்கு ஓர் இணை எருதும் ஒரு கலப்பையும் போதுமானவையாக இருந்தன. இன்று உழவு மாடுகள் அருகிவிட்டன. மழை பெய்து ஏரியில் நீர் நிறைந்ததும், உழவர் பிறருடைய டிராக்டருக்காகக் காத்து நிற்க வேண்டியுள்ளது. ‘நமக்கென ஒரு டிராக்டர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’ என்று அவர் எண்ணுவது இயல்பே.

ஆனால், வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக ஓர் உழவர் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் பெருஞ்செலவு இதுவே ஆகலாம். தேர்வு பிழையாயின், நிலத்தை உழுவதற்காக வாங்கிய பொறியே நிலத்தை அடகு வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடும். ஆதலின், முதல் டிராக்டரை வாங்கக் கருதுவோர் எவற்றை ஆராய வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

டிராக்டர் என்னும் சொல், இழுத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃப்ரோலிக் என்பவர் 1892ஆம் ஆண்டில், பெட்ரோலால் இயங்கி முன்னும் பின்னும் செல்லவல்ல டிராக்டரை உருவாக்கினார். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டில் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உருவாயிற்று. அடுத்த ஆண்டில், அஃதாவது 1960இல், சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனம் 1964இல் நாவலூருக்கு அண்மையிலுள்ள கேளம்பாக்கத்தில் ஜே-பண்ணை என்னும் ஆய்வுப் பண்ணையை நிறுவியது. துர்காப்பூரிலுள்ள மைய எந்திரப் பொறியியல் ஆய்வு நிலையத்தார் வகுத்த அமைப்பைக் கொண்டு, 1974இல் பஞ்சாபில் சுவராஜ் டிராக்டர் வெளிவந்தது. இவ்வாறு பல்வேறு ஆற்றலுடைய டிராக்டர்கள் இன்று நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. பல இருப்பதனாலேயே தேர்வும் கடினமாகின்றது.

டிராக்டரின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அலகால் அளப்பர். 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைத்திறன். ஓர் இணை எருதின் ஆற்றல் ஏறத்தாழ இவ்வளவே ஆகும். அவ்வெருதுகளைப் பூட்டி ஒருவர் நாளொன்றுக்கு அரை ஏக்கர் முதல் ஓர் ஏக்கர் வரை உழலாம். 35 குதிரைத்திறன் உடைய டிராக்டரில் கொத்துக்கலப்பையைப் பூட்டினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை உழுதுவிடலாம். இவ்விரைவே உழவரைக் கவர்கின்றது. ஆனால், இவ்விரைவிலேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. வேலை விரைவில் முடிந்துவிடுமாயின், எஞ்சிய நாள்களில் பொறி சும்மா நிற்கும் அன்றோ?

ஆகவே, முதற்கண் ஆராய வேண்டுவது ஆற்றல் அன்று. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை உண்டு என்பதே. மூன்று ஏக்கர் நன்செய் உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அக்குடும்பம் ஆண்டுக்கு இருபோகம் பயிரிடுகின்றது. ஒவ்வொரு போகத்திலும் புழுதி உழவு இரண்டு, சேற்றுழவு இரண்டு, பரம்படித்தல் ஒன்று என ஏக்கருக்கு ஐந்து மணி நேரம் ஆகின்றது எனக் கொண்டால், மூன்று ஏக்கருக்கு 15 மணி. இருபோகத்துக்கு 30 மணி. எரு ஏற்றவும் நெல் கொண்டு செல்லவும் பத்து மணி கூட்டினால், ஆண்டுக்கு 40 மணி நேரமே வேலை உண்டு. பொறியியல் வல்லுநரோ, ஒரு டிராக்டர் ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கிடுவது வழக்கம்.

இனிச் செலவைப் பார்ப்போம். டிராக்டரின் விலை ஆறு இலட்சம் ரூபாய் என்றும், பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதனை அறுபதாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஆண்டுதோறும் தேய்மானம் 54,000 ரூபாய் ஆகும். இடைப்பட்ட முதலாகிய 3,30,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து விழுக்காடு வட்டி 33,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 87,000 ரூபாய் ஆகின்றன. டிராக்டர் ஓடினாலும் நின்றாலும் இச்செலவு நிற்பதில்லை. ஆண்டுக்கு 40 மணி நேரம் மட்டும் ஓடினால், ஒரு மணிக்கு 2,175 ரூபாய் விழும். எண்ணெய், பழுது, காப்புறுதி ஆகியவற்றின் செலவு இதனின் வேறு. இத்துணைத் தொகை ஊரில் வழங்கும் வாடகையினும் மிகுதியாகவே இருக்கும். அதே டிராக்டர் 500 மணி நேரம் உழைத்தால், மணிக்கு 174 ரூபாயே ஆகும். பொறி ஒன்றே, செலவும் ஒன்றே. உழைக்கும் நேரமே இலாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கின்றது.

அவ்வாறாயின், சிறு நிலம் உடையவர் டிராக்டர் வாங்கவே கூடாதா? அவ்வாறு கூறுவதும் பொருந்தாது. வாடகை டிராக்டர் வேண்டிய நாளில் கிடைப்பது அரிது. மழை பெய்த மறுநாள் ஊரார் அனைவருக்கும் அது தேவைப்படும். நாற்று முற்றிவிடும், நிலமோ உழப்படாமல் கிடக்கும். பருவம் தவறுவதால் ஏற்படும் விளைச்சல் குறைவும் ஒரு செலவே. தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு அளிக்கின்றது. 2018இல் தொடங்கப்பெற்ற உழவன் செயலி வழியாகவும் அவற்றைப் பதிவு செய்யலாம். இவ்வுதவி தக்க காலத்தில் கிடைக்குமாயின், முதல் சில ஆண்டுகள் வாடகைக்கு எடுத்துப் பழகுதல் நன்று. தம் நிலத்துக்கு எத்தகைய பொறி ஏற்றது என்பதை அப்பழக்கமே கற்பித்துவிடும். வாங்கத் துணிந்தவர், அண்டை நிலங்களில் வாடகைக்கு ஓட்டும் வாய்ப்பு உண்டா என்பதை முன்னரே உசாவி அறிய வேண்டும்.

இரண்டாவதாக ஆராய வேண்டுவது மண்ணின் இயல்பு. ஏரியின் ஆயக்கட்டில் உள்ள நிலம் பெரும்பாலும் களிப்பு மிக்கது. 35 முதல் 45 வரை குதிரைத்திறன் உடைய டிராக்டர் ஒன்றரை டன்னுக்கும் மிகுந்த எடையுடையது. ஆழச் சேற்றில் அஃது அமிழ்ந்துவிடக் கூடும். 20 குதிரைத்திறன் அளவிலான சிறு டிராக்டரோ ஏறத்தாழ அதில் பாதி எடையே உடையது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்பு, சேற்று நிலத்தில் பெரிதும் உதவும். ஆயின் அதன் விலை கூடுதல். கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் சவுக்கும் நிலக்கடலையும் தர்ப்பூசணியும் பயிரிடுவோருக்கு, இலேசான மண்ணாதலின் சிறு டிராக்டரே போதும். ஓரிரு ஏக்கர் நெல் மட்டும் பயிரிடுவோர், பின்னால் நடந்து ஓட்டும் பவர் டில்லர் என்னும் சிறு உழுபொறியையும் எண்ணிப் பார்க்கலாம்.

பெரும் பொறி ஆழ உழும், ஆதலின் அதுவே நல்லது எனச் சிலர் கருதுவர். ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் கனத்த பொறியை ஓட்டினால், உழவுக்குக் கீழுள்ள மண் இறுகிக் கெட்டியான அடுக்காகிவிடும். நெல்லுக்கு நீரைத் தேக்கி வைக்க அவ்வடுக்கு ஓரளவு உதவும். ஆனால், நெல்லுக்குப் பின் உளுந்தோ நிலக்கடலையோ விதைப்பவருக்கு, அது வேர் இறங்குவதைத் தடுக்கும் சுவராக அமையும்.

மூன்றாவதாக, நிலத்தின் வடிவையும் வழியையும் காண வேண்டும். மூன்று ஏக்கர் என்பது ஒரே துண்டாக இருப்பது அரிது. ஏரியின் கீழ் ஒரு துண்டு, கிணற்றடியில் ஒரு துண்டு எனச் சிதறிக் கிடக்கும். சிறு துண்டுகளில் பெரிய டிராக்டர் திரும்புவதற்கே நேரமும் எண்ணெயும் வீணாகும், மூலைகள் உழப்படாமல் நிற்கும், வரப்புகள் சிதையும். பிறர் வயலின் வழியே சென்றால்தான் தம் வயலை அடையலாம் எனின், அவர்தம் பயிர் அறுவடையாகும் வரை காத்திருக்க நேரும். ஆகவே, வாங்கும் முன் வண்டிப்பாதையின் அகலத்தை அளந்து பார்த்தல் அறிவுடைமை.

நான்காவதாக, பூட்டும் கருவிகளை எண்ண வேண்டும். டிராக்டர் இழுப்பதற்கு மட்டுமே உரியது; உழுவது கலப்பையே. முற்காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ பின்னால் இழுத்துச் சென்றன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், முன் சக்கரங்கள் மேலெழுந்து, டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றது உண்டு. வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று இணைப்புகளால் கலப்பையை டிராக்டரோடு பிணைக்கும் முறையைக் கண்டார். இம்முறையில், கலப்பைக்கு எதிர்ப்பு உண்டானதும் மேலிணைப்பு முன்னோக்கி அழுத்தி, முன் சக்கரங்களை நிலத்திலேயே நிறுத்துகின்றது. அதனால் இலேசான டிராக்டரும் கனத்த டிராக்டரைப் போல உழைக்கலாயிற்று. டாஃபே நிறுவனம் விற்கும் மாஸி ஃபெர்குசன் டிராக்டர் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

கொத்துக்கலப்பை, சட்டிக்கலப்பை, சுழற்கலப்பை, சேற்றுழவுக்குரிய இரும்புக் கூண்டுச் சக்கரம், சுமை வண்டி எனக் கருவிகள் பல. சுழற்கலப்பையைச் சுழற்றுவதற்கு டிராக்டரின் பின்புறத்தில் ஒரு சுழல்தண்டு உண்டு. அது நிமிடத்துக்கு 540 முறை சுழலுமாறு அமைந்திருப்பது வழக்கம். எந்திரத்தின் ஆற்றல் முழுவதும் இத்தண்டுக்கு வந்து சேர்வதில்லை. ஆதலின், விளம்பரத்தில் கூறப்படும் குதிரைத்திறனை மட்டும் நம்பாமல், தண்டில் கிடைக்கும் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டறிதல் வேண்டும். டிராக்டர் விலையோடு இக்கருவிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஐந்தாவதாக, பழுது பார்க்கும் வசதியை அறிய வேண்டும். உழவு நாளில் ஒரு சிறு உறுப்பு உடைந்து, அது கிடைக்க ஒரு வாரம் ஆகுமாயின், சிறந்த டிராக்டரும் பயன்படாது. பட்டறையும் உதிரி உறுப்புகளும் அண்மையில் கிடைக்கும் டிராக்டரையே தேர்ந்தெடுத்தல் நன்று. மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னி என்னும் ஊரில், மைய அரசின் நிலையம் ஒன்று டிராக்டர்களைச் சோதித்து, அவற்றின் ஆற்றல், எண்ணெய்ச் செலவு முதலியவற்றை அறிக்கையாக வெளியிடுகின்றது. விற்பவர் சொல்லைவிட அவ்வறிக்கையின் சொல் உறுதியானது. பழைய டிராக்டரை வாங்குவோர், பதிவுச் சான்றிதழையும் அதன்மேல் கடன் நிலுவை உண்டா என்பதையும் பார்த்து, தம் வயலிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது உயிர்க்காப்பு. சக்கரக் காப்பின்மேல் பிள்ளைகளை ஏற்றிச் செல்லுதல் பெருந்தவறு. சுழலும் தண்டுக்கு மூடி இன்றியமையாதது. வேட்டியின் ஓரமோ சேலையின் முந்தானையோ அதில் சிக்கினால், கை எடுக்கும் முன் உயிர் போய்விடும். சுமையைப் பின்னச்சுக்குக் கீழே தாழ்வான இடத்திலேயே பிணைக்க வேண்டும். உயரத்தில் பிணைத்தால் டிராக்டர் பின்புறம் கவிழும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பொருத்திய டிராக்டர் கிடைப்பின், அதற்காகச் சிறிது கூடுதலாகச் செலவிடத் தயங்கலாகாது.

மாணவர்களே! மேலே கண்ட கணக்கை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூன்று ஏக்கர் உடைய ஒரு குடும்பத்துக்கு 40 மணி நேரமே வேலை உண்டு. அத்தகைய குடும்பங்கள் பன்னிரண்டு ஒன்றுகூடினால் 480 மணி நேர வேலை உண்டாகும். தனித்து வாங்கினால் ஒருவரைக் கடனில் ஆழ்த்தும் டிராக்டர், கூடி வாங்கினால் பன்னிருவரைத் தாங்கும். ஆனால், யார் நிலத்தை முதலில் உழுவது என்னும் பூசல் எழாதோ என்று நீங்கள் வினவலாம். ஏரி நாட்டாருக்கு அப்பூசலைத் தீர்க்கும் வழி புதியதன்று. ஓர் ஏரியின் நீரைப் பல வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் இங்குத் தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. நீர்க்கட்டி என்பார் மடையைத் திறந்து, முறை தவறாமல் ஒவ்வொரு வயலுக்கும் நீர் விடுவார். நீர் முதலில் பாயும் வயலை முதலில் உழுவது என்று விதித்துக்கொண்டால், டிராக்டருக்கும் அம்முறையே பொருந்தும்.

அண்டை வீட்டார் வாசலில் நிற்கும் டிராக்டரைக் கண்டு நாமும் ஒன்றை வாங்குதல் தேர்வு ஆகாது. வேலையின் அளவையும், மண்ணின் இயல்பையும், வழியின் அகலத்தையும், கையிலுள்ள பொருளையும் அளந்து, அவற்றுக்கு ஏற்ற பொறியைக் கொள்வதே தேர்வாகும். சிறு நிலத்துக்குச் சிறு பொறி இழிவன்று. கூட்டுப் பொறியும் குறைவன்று. நிலத்தை உழுவது டிராக்டராயினும், நிலத்தைக் காப்பது உழவரின் கணக்கே.