பல்வரிசைச் சீரமைப்பு: கம்பி அணிவோர் அறிய வேண்டுவன

பல்லின் அமைப்பை உற்றுநோக்கிச் சொற்களை ஆக்கிய மொழி நம்முடையது. முன்னோக்கி நீண்டு நிற்பதை எத்துப்பல் என்கிறோம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைப்பது தெற்றுப்பல். மேல்வரிசையில் கோரைப்பல் சற்றே வெளிப்பட்டுத் தோன்றினால் அதைச் சிங்கப்பல் என்று அழகுக்கு உரியதாகப் பாராட்டுவாரும் உளர். ஆகவே கோணல் என்பதெல்லாம் நோயன்று என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பல்வரிசையைச் சீர்செய்யும் மருத்துவத் துறையைத் தமிழிற் பல்சீரமைப்பியல் என வழங்குகிறோம். அதற்கு அணியும் கம்பியை மலாய்மொழி 'பெண்டாகாப் கிகி' என்கிறது. 'டாகாப்' என்பது தழுவுதல். பல்லைத் தழுவி நிற்பது என்னும் அப்பெயர், 'பல்லுக்கம்பி' என்னும் நம் பேச்சுவழக்கைவிடப் பொருளுக்கு நெருங்கியது என்பேன். ஏனெனில், இச்சிகிச்சையிற் கம்பி பல்லை வலிந்து முறுக்குவதில்லை. மெல்லப் பற்றிக்கொண்டு நெடுநாள் விடாதிருக்கிறது. இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால் பிறவெல்லாம் எளிதில் விளங்கும்.

பல், சுவரில் அறைந்த ஆணியைப் போலத் தாடையெலும்பில் இறுகிக் கிடப்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று உண்டு. பல் அதிலே தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம். பல்லின்மீது மெல்லிய விசை இடையறாது செயற்படும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் புதிய எலும்பைப் படியவைக்கின்றன. முன்னே வழி திறக்க, பின்னே வழி அடைபட, பல் மெல்ல நகர்கிறது. சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் என்பார் 1904ஆம் ஆண்டளவில் நாயின் பற்களிற் கம்பி பொருத்தி இம்மாற்றங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதினார். விசை மிகுந்தால் அழுத்தப்படும் இடத்திற் குருதியோட்டம் நின்று திசு மடியும் என்பதையும் அவரே கண்டார். மிகு விசை பல்லை விரைந்து நகர்த்தாது, தாமதப்படுத்தும். பல்லின் வேர்நுனி கரைவதற்கும் அது இடந்தரும்.

ஒரு பல் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே நகரும். சிகிச்சை ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை நீள்வது இதனாலேயே; மருத்துவர் காலத்தைக் கடத்துகிறார் என்று ஐயுறுதல் வேண்டா. நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை சென்று கம்பியைச் சரிசெய்துகொள்ளல் வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகமொன்றிற் கண்டறியப்பட்ட நிக்கல்–டைட்டேனியக் கலப்புலோகம் 1970களிற் பல்மருத்துவத்திற்கு வந்தது. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவுக்கு மெல்ல மீளும் அதன் இயல்பினால் இன்று தொடக்கத்தில் மிக இலேசான விசையையே செலுத்த முடிகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை பூட்டினர். பற்சிப்பியை அமிலத்தாற் சற்றே சொரசொரப்பாக்கிப் பசையால் ஒட்டும் முறைக்கு 1955இற் புவோனகோர் வழிவகுத்தபின், பல்லின் முகப்பிற் சிறு பிடிப்பான் ஒட்டுவதே போதுமானதாயிற்று.

யாருக்குக் கம்பி தேவை? பிரித்தானியாவில் 1989இல் வெளியிடப்பட்ட தேவை அளவீடு பல்வரிசையை ஐந்து படிகளாகப் பகுக்கிறது. முதலிரு படியினர்க்கு உடல்நலம் கருதிய தேவை இல்லை அல்லது மிகக் குறைவு. நான்காம், ஐந்தாம் படியினர்க்கே தேவை மிகுதி. அரசாங்கச் சிறப்பு மருத்துவப் பிரிவுகளில் இடம் குறைவாகவும் காத்திருப்போர் தொகை மிகுதியாகவும் இருத்தலின், அழகு ஒன்றே கருதி வருவோர் பின்தள்ளப்படுவர். இதிற் குறைகாண்பதற்கில்லை. மேற்பற்களும் கீழ்ப்பற்களும் மாறிக் கடிப்பது, ஈற்றுக்குள் புதைந்த கோரைப்பல், விழுந்தால் உடையுமளவு முன்நீண்ட வெட்டுப்பல் ஆகியன முந்த வேண்டியவை அல்லவா?

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஏழு முதல் பதினொரு வயது வரை பல குழந்தைகளின் மேல் வெட்டுப்பற்கள் இடைவெளிவிட்டு விரிந்து நிற்கும். பெற்றோர் கலங்குவர். கோரைப்பற்கள் இறங்கும்போது அவ்விடைவெளி பெரும்பாலும் தானே அடையும். மாறாக, பாற்பற்கள் சொத்தையாகி உரிய காலத்திற்கு முன்னரே விழுந்துவிட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து, பின்வரும் நிலைப்பல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். தானே விழப்போகும் பல்லைக் காப்பதேன் என்னும் வீட்டுப் பேச்சு இங்கே பொருந்தாது.

இடம் போதாதவிடத்து மருத்துவர் முன்கடைவாய்ப் பற்கள் சிலவற்றை எடுக்கச் சொல்வதுண்டு. மேற்பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை மங்கும் என்னும் அச்சம் நம் குடும்பங்களில் இன்னும் வாழ்கிறது. மேற்பற்களுக்கு உணர்வூட்டுவது ஐந்தாம் மூளைநரம்பின் கிளை; பார்வைக்குரியது இரண்டாம் நரம்பு. பல்லை எடுப்பதாற் பார்வை குன்றுவதில்லை. எனினும், எடுக்க வேண்டும் என்றால் ஏன் என்று கேட்க நோயாளிக்கு உரிமையுண்டு. தாடை முழுவதையும் காட்டும் ஊடுகதிர்ப் படம், பக்கவாட்டுத் தலைப்படம், பல்லச்சு ஆகியவற்றைக் கொண்டு விடையளிக்க மருத்துவர் கடமைப்பட்டவர். படமேதும் எடுக்காமற் கம்பி பொருத்த முன்வருவோரிடமிருந்து எழுந்து வந்துவிடுதல் நன்று.

இனி, நம் மாணவரிடையே பரவியுள்ள ஒரு கேட்டைச் சொல்ல வேண்டும். முறையான சிகிச்சைக்குத் தனியார் மருத்துவகத்திற் சில ஆயிரம் வெள்ளி ஆகும். அதனாற் சில நூறு வெள்ளிக்கு அழகு நிலையங்களிலும் தங்கும் விடுதி அறைகளிலும் பொருத்தப்படும் போலிக் கம்பிகளை இளையோர் நாடுகின்றனர்; வண்ண வண்ண வளையங்களோடு கூடிய கம்பி அவர்களுக்கு ஓர் அணிகலன். மலாக்காவில் 2017இல் இருபது வயதுப் பெண்ணொருவர் இணையக் காணொளிகளைக் கண்டு கற்று இத்தொழிலைச் செய்தமைக்காக நீதிமன்றம் 70,000 வெள்ளி தண்டம் விதித்தது. செலுத்த இயலாமற் சிறை சென்ற அவரைப் பொதுமக்கள் நிதி திரட்டி விடுவித்தனர். ஏழைப் பெண் என்னும் இரக்கம் நம் பண்பாட்டுக்கு இயல்பே. அவரிடம் வாய் திறந்து அமர்ந்தவர்களின் பற்களை யார் எண்ணிப் பார்த்தார்? 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ்ப் பதிவின்றி மருத்துவகம் நடத்தும் தனியாளுக்கு 300,000 வெள்ளி வரை தண்டமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

போலிக் கம்பியின் தீங்கு மேற்சொன்ன இயக்கத்தை நினைத்தாலே புலப்படும். விசையை அளப்பாரில்லை, வேரின் நிலையைக் கண்டாரில்லை. இன்னும் எளிய தீங்கும் உண்டு. முன்பற்களின் இடைவெளியை அடைக்க அவ்விரு பற்களையும் சுற்றி ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டிக்கொள்வோர் உளர். பல்லின் வேர் நுனிநோக்கிக் குறுகியது. ஆகவே வளையம் வழுக்கி ஈற்றுக்குள் ஏறி மறையும். நார்ப்படலத்தையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போகும். அது மறைந்ததை அணிந்தவர் 'கழன்று விழுந்துவிட்டது' என்றே நினைப்பார். சொத்தையில்லாத நல்ல பல் இரண்டும் ஆடி விழும்போதே காரணம் தெரியவரும்.

சிகிச்சையளிப்பவர் மலேசியப் பல்மருத்துவ மன்றத்திற் பதிவுபெற்றவரா, அவ்வாண்டிற்குரிய தொழிற்சான்றிதழ் உடையவரா என்று கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. பினாங்கு மக்கள் இத்துறையிற் பின்தங்கியவர்கள் அல்லர்: நியூசிலாந்துக்கு வெளியே பள்ளிப் பல்தாதியரைப் பயிற்றும் முதற் பள்ளி 1949இற் பினாங்கிலேதான் தொடங்கப்பெற்றது. அந்த மரபில் வந்த பள்ளிப் பல்மருத்துவக் குழுவினர் இன்றும் வகுப்பறை வாயிலுக்கு வருகின்றனர். பல்வரிசை பற்றிய ஐயத்தை அவர்களிடம் சொன்னால், அரசாங்கப் பல்மருத்துவகத்தின் வழியாகச் சிறப்பு மருத்துவரைக் காணப் பரிந்துரை பெறலாம். காத்திருப்பு நீளும் என்பது உண்மை. ஆதலாற் சொல்வதை ஆண்டிறுதிவரை ஒத்திவைத்தல் ஆகாது.

கம்பி அணிந்த முதல் மூன்று நான்கு நாள்கள் பல் நோகும். கன்னத்தின் உட்புறம் புண்ணாகும். உராயும் இடத்தில் மருத்துவர் தரும் மெழுகை ஒட்டிக்கொள்ளலாம். கஞ்சியும் இட்டிலியும் அந்நாள்களுக்கு ஏற்றவை. முறுக்கு, பொங்கற் கரும்பு, பனிக்கட்டி ஆகியவற்றைக் கடித்தாற் பிடிப்பான் பெயரும். டோடோல் போன்ற ஒட்டும் பண்டமும் அவ்வாறே. மாம்பழத்தைக் கடித்துத் தின்னும் இன்பத்தை இரண்டாண்டு துறந்து, நறுக்கி உண்ண வேண்டும். சிலம்பமும் கபடியும் ஆடுவோர் பற்காப்பு அணிந்தே களமிறங்க வேண்டும்.

இவற்றினும் பெரிது துலக்குதல். பிடிப்பானைச் சுற்றிப் படியும் அழுக்கு நான்கைந்து கிழமைகளிலேயே பற்சிப்பியில் வெண்புள்ளிகளைத் தோற்றுவிக்கக்கூடும். கம்பியைக் கழற்றும் நாளிற் பல் நேராக நிற்க, ஒவ்வொரு பல்லிலும் ஒரு வெண்சதுரம் எஞ்சுமாயின் பட்ட பாடெல்லாம் என்னாவது? ஃபுளோரைடு கலந்த பற்பசையால் உணவுக்குப்பின் துலக்குக. கம்பிக்கு அடியில் நுழையும் சிறு துலக்கியையும் பயன்படுத்துக. அடிக்கடி பருகும் தே தாரிக்கின் சருக்கரையும் கணக்கிற் சேரும். துலக்க மனமில்லாத மாணவருக்கு மருத்துவர் கம்பி பொருத்த மறுத்தால் அது நேர்மையான மறுப்பே.

கம்பியைக் கழற்றியதும் சிகிச்சை முடிந்ததென்று எண்ணுவோரே பலர். புதிய எலும்பு உறுதிபெறவும், ஈற்றின் நார்கள் புதிய நிலைக்குப் பழகவும் பல மாதங்கள் செல்லும். அதுவரை பல் பழைய இடத்திற்கே மீள முயலும். ஆதலாற் பல்லைத் தக்கவைக்கும் ரிட்டெய்னர் என்னும் கருவியை முதலில் நாள் முழுதும், பின்னர் இரவில் மட்டும் அணியச் சொல்வர். வயது ஏற ஏறக் கீழ் வெட்டுப்பற்கள் நெருங்குவது, கம்பியே அணியாதவர்க்கும் இயல்பு. எனவே இரவு அணிதலை நிறுத்தும் நாள் இதுவென்று மருத்துவர் குறித்துச் சொல்வதில்லை. உணவுக்காகக் கழற்றி மென்தாளிற் சுற்றி வைப்பதால் அது சிற்றுண்டிச்சாலைக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுவது வழக்கம். கழற்றினால் அதற்குரிய பெட்டியில் வைக்க வேண்டும். வெந்நீரிற் கழுவினால் உருமாறிவிடுமாதலாற் குளிர்நீரே பயன்படுத்த வேண்டும். தொலைந்தால் அந்தக் கிழமையிலேயே மருத்துவரைக் காண்க.