அஸ்வினா? நாலாவது வேகப்பந்தா?

2023 ஜூன், லண்டன் ஓவல். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. தரவரிசையில் முதலிடப் பந்துவீச்சாளரான நம்ம அஸ்வினுக்கு அணியில் இடமில்லை! நாகை டீக்கடையில் இரண்டு கட்சி.

"பச்சைப் பிட்ச், மேகமூட்டம். நாலு வேகம்தான் சரி" என்றது ஒன்று. நான் அஸ்வின் கட்சி. ஆஸ்திரேலியாவின் முதல் ஏழு பேரில் நால்வர் இடதுகை. ஆஃப் ஸ்பின் அவர்களுக்கு வெளியே திரும்பும்.

நண்பர்களே, விஷயம் இதுதான். டாஸுக்கு முன்பே பதினோரு பேரை எழுதிக் கொடுக்கணும். அப்புறம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மேகம் கலைந்துவிடும், ஆட்டமோ ஐந்து நாள். இடதுகை ஹெட் 163 அடித்தார். கடைசி இன்னிங்ஸில் அவர்களுடைய சுழல் லயன் 4 விக்கெட் எடுத்தார். இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

அஸ்வின் இருந்தால் ஜெயித்திருப்போமா? சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் வானத்தைப் பார்த்தா சம்பா விதைக்கிறோம்?