தற்காப்புக் கலை கற்றால் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறையுமா, கூடுமா?

"சும்மாவே தம்பியைப் போட்டு அடிக்கிறான். இதுல கராத்தே வேறயா?"

"டேக்குவாண்டோ வகுப்புல சேர்த்துவிடுங்க, தானா அடங்கிடுவான்."

இரண்டையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். வீட்டில் தம்பியையோ தங்கையையோ சேர்ப்பது பற்றி உங்களிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆய்வுகளைப் பார்த்தால், இரண்டுமே நடக்கலாம். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

கட்டுப்பாடு வளருமா?

அமெரிக்காவில் 2004இல் வெளிவந்த ஆய்வில், பாலர் பள்ளியிலிருந்து 5ஆம் வகுப்புவரை படித்த 207 பிள்ளைகள் பங்கேற்றனர். சில வகுப்புகளுக்கு டேக்குவாண்டோ, மற்ற வகுப்புகளுக்கு வழக்கமான உடற்கல்வி.

சுமார் 3 மாதங்களுக்குப் பிறகு, டேக்குவாண்டோ கற்ற பிள்ளைகளின் சுயக்கட்டுப்பாடும் வகுப்பறை நடத்தையும் கூடுதலாக மேம்பட்டிருந்தன. மாணவர்களிடம் சில மாற்றங்கள் மாணவிகளைவிட அதிகம் தெரிந்தன.

அங்கு உதைக்க மட்டும் கற்றுத்தரவில்லை. பிள்ளைகள் தங்களிடமே 3 கேள்விகளைக் கேட்கப் பழகினர்:

- நான் எங்கே இருக்கிறேன்?
- என்ன செய்கிறேன்?
- என்ன செய்ய வேண்டும்?

கோபம் தலைக்கேறும்போது ஒரு நொடி நின்று யோசிக்க இந்தப் பழக்கம் உதவும்.

முரட்டுத்தனம் கூடுமா?

கூடவும் வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 1986இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று, வழிதவறும் போக்குடைய பதின்ம வயதினரைக் கவனித்தது.

மரியாதை, பொறுமை ஆகியவற்றோடு டேக்குவாண்டோ கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டை நுணுக்கங்களை மட்டும் கற்றவர்களிடம் அது கூடியது.

நார்வேயில் 2005இல் வந்த ஆய்வும் எச்சரிக்கிறது. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட சிறுவர்களிடம், விளையாட்டுக்கு வெளியேயும் வன்முறைப் போக்கு அதிகரித்தது. பயிற்சி மட்டுமல்ல, 'ஆம்பளைன்னா அடிக்கணும்' என்பது போன்ற மனப்போக்கோடு பழகியதும் காரணமாக இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

எதைக் கவனிக்கலாம்?

கராத்தே போட்டியில் எதிராளியை அளவுக்கு மீறி ஓங்கி அடித்தால் தண்டனை உண்டு. சிலம்பத்திலும் துணையோடு பயிலும்போது கம்பின் வேகத்தை அடக்கத் தெரிய வேண்டும். ஆக, நிறுத்தத் தெரிவதும் வித்தையின் ஒரு பகுதிதான்.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்:

- பலமாக அடிக்கும் பிள்ளைக்குப் பாராட்டா, திருத்தமா?
- தோற்ற பிள்ளையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார்?
- கற்றதை வெளியே எப்போது பயன்படுத்தக் கூடாது என்று சொல்லித்தருகிறாரா?
- ஆசிரியரே கோபத்தில் கத்துகிறாரா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஆசிரியரிடம் இல்லாத நிதானத்தைப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க முடியாது.

வார் நிறம் மாறுவதை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் சண்டை வரும்போது அவன் ஓங்கிய கையை இறக்குகிறானா என்று பாருங்கள்.