பத்தில் இரண்டு வெற்றி: மார்ஷல் கல்லூரி அணியின் 1971 சீசன்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள ஹன்டிங்டன் நகரின் மார்ஷல் பல்கலைக்கழக அணி 1971ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து சீசனில் பத்து ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் வென்றது, எட்டில் தோற்றது. அந்தத் தோல்விகளில் சில படுதோல்விகள். ஆனாலும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வரலாற்றில் மிகுந்த மரியாதையோடு நினைக்கப்படும் சீசன்களில் அது ஒன்று. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்புதான் மார்ஷல் தன் அணியை ஏறக்குறைய முழுவதுமாக இழந்திருந்தது.

அமெரிக்கக் கால்பந்து தமிழ்நாட்டில் ஆடப்படும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் நிற்பவருக்கு எறியலாம். பக்கத்துக்கு 11 பேர்; களத்தின் நீளம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது டச்டவுன். அதற்கு 6 புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள். ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று நொடியில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக்.

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டி ஒரே வளாகத்தில் சில நாள்களில் முடிந்துவிடும். அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை வாரம் ஓர் ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கிறது. உள்ளூர் ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும். வெளியூர் ஆட்டத்துக்கும் அணியோடு ஊர்ப் பிரமுகர்கள் பயணம் போவார்கள். 1970இல் ஹன்டிங்டனின் மக்கள்தொகை சுமார் 74,000தான். அணியில் ஆடியவர்கள் ஊருக்கெல்லாம் தெரிந்த பிள்ளைகள்.

1970 நவம்பர் 14 அன்று வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 17-14 என்ற கணக்கில் மார்ஷல் தோற்றது. அன்று மாலையே வாடகை விமானத்தில் ஊருக்குக் கிளம்பினார்கள். வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கும் மரமடர்ந்த மேடுபள்ளம் போன்றதுதான் ஹன்டிங்டனின் சுற்றுப்புறமும். விமான நிலையம் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. மழையும் மூட்டமுமாக இருந்த அந்த இரவில், இறங்க வேண்டிய உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்ட விமானம், ஓடுபாதைக்குச் சற்று முன்னால் குன்றின் மரங்களில் மோதி எரிந்தது. விமானத்தில் இருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் மட்டும் 37 பேர். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலியும் இறந்தார். உடன் சென்ற ஊர்க்காரர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். தாய் தந்தை இருவரையும் ஒரே இரவில் இழந்த குழந்தைகளும் அந்த ஊரில் உண்டு. அடையாளம் காண முடியாத ஆறு ஆட்டக்காரர்களை ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்தார்கள்.

கால்பந்தையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வலுவாக எழுந்தது. கடைசியில் தொடர்வது என்று முடிவானது. ஆனால் ஆட ஆள் வேண்டுமே! கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. மார்ஷல் விலக்குக் கேட்டது; கிடைத்தது. புதிய பயிற்சியாளர் ஜாக் லெங்கியல் 1971இன் தொடக்க மாதங்களில் ஒஹாயோவின் வூஸ்டர் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தார். காயம் காரணமாக அந்தப் பயணத்துக்குப் போகாத நேட் ரஃபின் போன்ற சிலர், முந்தைய ஆண்டின் முதலாண்டு அணியினர், புதிதாகச் சேர்ந்தவர்கள், உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்தவர்கள் என்று ஆள் திரட்டினார்கள். பந்தை உதைக்கும் பொறுப்பு, சாதாரணக் கால்பந்து ஆடிப் பழகிய பிளேக் ஸ்மித்துக்குப் போனது. விபத்தன்று காரில் வெளியூர் போயிருந்ததால் உயிர் தப்பிய துணைப் பயிற்சியாளர் ரெட் டாசன் அந்த ஒரு சீசனுக்கு மட்டும் உடனிருந்துவிட்டுப் பயிற்சியாளர் வேலையையே விட்டுவிட்டார். இறந்தவர்களில் பலரை அவர்தான் அவரவர் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி அணிக்கு அழைத்து வந்திருந்தார். அந்த நிலையிலும் அவர் ஓராண்டு களத்தில் நின்றது சாதாரணக் காரியமில்லை.

அனுபவமில்லாத பையன்களுக்கு ஏற்ற ஆட்ட முறை ஒன்றும் தேவைப்பட்டது. அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாபி பௌடன், தன் அணியின் ‘வியர்’ முறையைக் கற்றுக்கொள்ள லெங்கியலுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அந்த முறையில் எதிரணியின் ஒரு குறிப்பிட்ட தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் எந்தப் பக்கம் பாய்கிறார் என்று பார்த்து, குவார்ட்டர்பேக் பந்தை மறுபக்கம் கொண்டுபோவார். உடல் பலம் குறைந்த அணியும் பலசாலிகளோடு மோத அது உதவும்.

முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29-6 என்று தோல்வி. அடுத்த வாரம், செப்டம்பர் 25, உள்ளூர் ஃபேர்ஃபீல்டு மைதானத்தில் சேவியர் அணியோடு ஆட்டம். கடைசி நொடிகளில் மார்ஷல் 13-9 என்று பின்தங்கியிருந்தது; எல்லைக்கோட்டுக்கு 13 கஜம் பாக்கி. குவார்ட்டர்பேக் ரெஜி ஆலிவர் ஒரு பக்கமாக ஓடி எதிரணியினரைத் தன் பின்னால் இழுத்துவிட்டு, மறுபக்கம் இருந்த முதலாண்டு மாணவர் டெரி கார்ட்னருக்குப் பந்தை எறிந்தார். கார்ட்னர் கோட்டைத் தாண்டியபோது நேரம் முடிந்திருந்தது. 15-13. கூட்டம் களத்துக்குள் இறங்கிவிட்டது. வெகு நேரம் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அதற்கடுத்த வாரமே மயாமி பல்கலைக்கழக அணி 66-6 என்று நொறுக்கியது. மயாமி என்றால் ஃபுளோரிடா அல்ல, ஒஹாயோ மாநிலத்தில் உள்ளது. அந்தக் காலத்தில் தோல்வியே அறியாதிருந்த டொலிடோ அணியிடம் 43-0. நடுவே அக்டோபர் இறுதியில் பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றது இரண்டாவது வெற்றி. சேவியர் ஆட்டமே அதிகம் பேசப்படுகிறது. ஆட்ட நுணுக்கத்தில் பார்த்தால் இந்த இரண்டாவது வெற்றிதான் பெரியது. பலமான அணி ஒன்றை, தற்காப்பை நம்பி, முதலாண்டு மாணவர்கள் மடக்கிய ஆட்டம் அது.

லெங்கியல் நான்கு ஆண்டுகள் இருந்தார். 9 வெற்றி, 33 தோல்வி. அந்தக் கணக்கை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை. அவர் ஏற்ற வேலை அணியைக் களத்தில் நிற்கவைப்பது. அதை முடித்துக் கொடுத்தார். இறந்த 75 பேரின் நினைவாகக் கல்லூரி வளாகத்தில் எழுப்பப்பட்ட நீரூற்று 1972 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று பெயர்களை வாசித்து நீரை நிறுத்துகிறார்கள். 2006இல் இந்த வரலாறு ‘வி ஆர் மார்ஷல்’ என்ற திரைப்படமாகவும் வந்தது.

வெற்றி அதிகமாகவும் தோல்வி குறைவாகவும் ஒரு சீசனை முடிக்க மார்ஷலுக்கு 1984 வரை ஆனது. 1992இல் இரண்டாம் நிலைப் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. 1996இல் ஆடிய 15 ஆட்டங்களையும் வென்று மறுபடி பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டு முதல் நிலைப் பிரிவுக்கு ஏறி, 1999இல் 13 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.