ஷூவை மட்டும் மாட்டுங்க, போதும்!

அதிகாலை 5 மணி. அலாரம் அலறுகிறது. 'நாளையிலிருந்து கண்டிப்பா ஓடப் போறேன்' என்று ராத்திரி எடுத்த சபதம் ஞாபகத்துக்கு வருகிறது. கூடவே இன்னொரு குரலும் வருகிறது. 'ராத்திரி சரியாத் தூங்கலையே... மழை வர்ற மாதிரி வேற இருக்கே... திங்கட்கிழமையிலேர்ந்து ஆரம்பிச்சா என்ன?' கை தானாக நீண்டு அலாரத்தை அமுக்குகிறது. போர்வை தலைக்கு மேல் ஏறுகிறது.

என்ன, உங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறதா? என் கதையும் இதுதான்! வருகிற நோயாளிகளிடமெல்லாம் 'தினமும் நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்க' என்று சொல்லிக்கொண்டே, நான் மட்டும் போர்வைக்குள் இருந்தேன். நான்கு வருடங்களுக்கு முன்பு, சர்க்கரை நோய்க்காக வந்த ஒரு வயதான அம்மா, "நீங்க தினமும் போறீங்களா டாக்டரய்யா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் மனசு உறுத்தியது. அந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் வாசற்படியில் நிற்கிறது என்று அர்த்தம். 6.5-ஐத் தொட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது! சர்க்கரையால் என் அப்பாவுக்கு ஒரு காலை எடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

களைப்பா? சோம்பலா?

அடக்கக்கூடாத வேகங்கள் 14 என்று சித்த மருத்துவம் சொல்கிறது. பசி, தாகம், தும்மல், இருமல், தூக்கம் இவற்றோடு 'இளைப்பு' என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. உழைத்துக் களைத்த உடம்பு ஓய்வு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கவனியுங்கள், சோம்பல் அந்தப் பட்டியலில் கிடையாது! உடம்பில் கபம் மிஞ்சினால் வருகிற மந்தம் அது. அசைந்து கொடுத்தால்தான் அது விலகும்.

சரி, வந்திருப்பது களைப்பா, சோம்பலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுந்து பத்து நிமிடம் நடந்து பாருங்கள். சோம்பல் என்றால் கரைந்துவிடும். நிஜமான களைப்பு என்றால் கூடும். கூடினால் குற்ற உணர்ச்சியே வேண்டாம், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தூங்கி எழுந்தவுடன் மூளை முழுசாக விழித்துக்கொள்ள 15 முதல் 30 நிமிடம் வரை ஆகலாம். 5 மணிக்குப் பேசுகிற அந்தக் குரல் பாதித் தூக்கத்தில் இருக்கிற மூளையின் குரல். அதைப் போய் முடிவெடுக்க விடலாமா?

மனசு பின்னால் வரும்

'மூடு வந்தால் போவேன்' என்று காத்திருப்பதுதான் நாம் செய்கிற தப்பு. முதலில் கால் கிளம்ப வேண்டும். மனசு பின்னாலேயே வந்து சேரும். அதற்குச் சில வழிகள்:

* முடிவை ராத்திரியே எடுங்கள். 'ஓட வேண்டும்' என்று பொதுவாக நினைத்தால் போதாது. 'பல் தேய்த்ததும் ஷூ மாட்டுவேன், தெருக்கோடி வரை போவேன்' என்று நேரமும் இடமுமாகத் தீர்மானியுங்கள். இப்படிப் போடுகிற சின்னத் திட்டத்துக்கு எவ்வளவு பலம் என்பதை ஜெர்மானிய மனோதத்துவ நிபுணர் பீட்டர் கோல்விட்சர் 1999-லேயே விளக்கி எழுதியிருக்கிறார். உடுப்பையும் ஷூவையும் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள்.

* இலக்கைச் சுருக்குங்கள். அரை மணி நேர ஓட்டம் என்று நினைத்தாலே மலைப்பு வரும். இன்றைய வேலை ஷூ மாட்டுவது மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டியவர் யாரும் சும்மா கழற்றுவதில்லை!

* நடந்து நடந்து ஓடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும். இப்படி நடையும் ஓட்டமுமாகப் போகும் முறையைப் பரப்பிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, 1972 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற ஓட்டக்காரர். அவரே நடக்கச் சொல்லும்போது நமக்கென்ன கௌரவம்?

* துணை தேடுங்கள். தெருமுனையில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றால் போர்வை தானாக விலகும்.

* ஒருநாள் தவறினால் உடைந்து போகாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்! நடுவில் ஒருநாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடவில்லை.

வாரத்துக்கு எவ்வளவு? வேக நடை என்றால் குறைந்தது 150 நிமிடம், ஓட்டம் என்றால் 75 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவர்கள் கவனம்!

காய்ச்சல், நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் ஓட வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்களும், இத்தனை காலம் அசையாமல் இருந்துவிட்டு நாற்பதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக்கூடாது. ஓடும்போது நெஞ்சை அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று உதவி கேளுங்கள்.

இப்போது பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் என்னைப் பார்க்கலாம். போன மாதம் பார்த்ததில் 5.8. சர்க்கரை இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறது, நான்தான் உள்ளே விடவில்லை! அந்தக் குரல் நின்றுவிட்டதா என்கிறீர்களா? எங்கே நின்றது? இன்று காலையும் வந்தது. அது பேசி முடிப்பதற்குள் நான் ஷூவை மாட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

அந்த அம்மா மறுபடி வந்தபோது, அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "இப்ப போறேம்மா!"

நீங்கள் எப்போது சொல்லப் போகிறீர்கள்?