பெண்ணின் பெயரால் ஒரு நோய்

சில சொற்கள் பொய்ச்சாட்சி சொல்லும். மேகவெட்டை, கிரந்தி முதலிய பால்வினை நோய்களுக்கு நம் பேச்சு வழக்கில் ‘பொம்பளைச் சீக்கு’ என்றொரு பெயர் உண்டு. ஆணுக்கு நோய் கண்டால் அது பெண்ணிடமிருந்து வந்தது. பெண்ணுக்குக் கண்டால் அவள் நடத்தையால் வந்தது. விசாரணையின்றியே இவ்விரு தீர்ப்புகளையும் அப்பெயர் வழங்கிவிடுகிறது. மருத்துவர்கள் ஆராய்ந்து கண்ட உண்மையோ வேறு. பெண்களுக்கு இந்நோய்கள் வர வழிகோலும் நடத்தைகள் யாவை, அவை யாருடைய நடத்தைகள் என்பதை இங்கு ஒளிவுமறைவின்றி நோக்குவோம். பேசக் கூசும் பொருள்தான். ஆயினும் அக்கூச்சத்திற்கு விலை கொடுப்பவர்கள் நம் இல்லத்துப் பெண்களாதலின், பேசியே ஆகவேண்டும்.

சென்னை தந்த பாடம்

1986 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதியைச் சேகரித்தனர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அதனைச் சோதித்தபோது, சிலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். உடனே நாட்டில் பலர் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டனர்: இது விலைமாதரின் நோய், குடும்பப் பெண்களுக்கு அச்சமில்லை என்று.

அவ்வாறுதல் நிலைக்கவில்லை. சுனிதி சாலமன் 1993 இல் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்திற்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 81 பேர் இல்லத்தரசிகள். நூற்றுக்கு 88 பேர் ஒரே ஆடவரைத் தவிர வேறெவரையும் அறியாதவர்கள். அப்பெண்களின் நடத்தையை எத்துணை ஆராய்ந்தாலும் நோய்க்குக் காரணம் கிட்டாது. காரணம் கணவனின் நடத்தையில் இருந்தது. கற்பு நெறி நின்ற பெண்ணுக்கு மணவாழ்க்கையே நோய் வந்த வழியாயிற்று என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன கசப்பான செய்தி.

சுரங்கமும் பிரிவும்

இதில் நம் தங்கவயலுக்கென்று தனியே சிந்திக்க வேண்டிய செய்தியும் உண்டு. தென்னாப்பிரிக்க நாட்டிலும் தங்கச் சுரங்கங்கள் உள்ளன. அங்கே ஆடவர் மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டு, சுரங்க விடுதிகளில் பல மாதங்கள் தனித்து வாழ்ந்தனர். நேட்டால் மாகாணத்துக் கிராமப்புறத்தில் பணியாற்றிய சிட்னி கார்க் என்னும் மருத்துவர், 1949 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். கிரந்தி நோய் பரவுவதற்கு வேர், மக்களின் குலமோ நிறமோ அன்று. பிழைப்பிற்காகக் குடும்பத்தைப் பிரிக்கும் ஏற்பாடே என்று அதில் எடுத்துக் காட்டினார். நகரில் தனித்திருந்த ஆடவன் பெற்ற நோய், விடுமுறையில் அவனோடு ஊர் திரும்பி மனைவியை அடைந்தது.

1880 இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் இங்கேயே குடும்பமாக வாழத் தலைப்பட்டனர். லைன் வீடுகள் இடுக்கமானவை; ஆயினும் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவதே பல்லாயிரவர் வாழ்க்கையாயிற்று. தொலைவிடங்களில் வேலை கிடைத்தவர்கள் மாதக்கணக்கில் பிரிந்து வாழ்கின்றனர். பிரிந்து வாழ்வோரெல்லாம் வழி தவறுவோர் என்பது பொருளன்று. பிரிவும், தனிமையும், கையில் ரொக்கமும், மதுவும் ஒன்றுகூடும் இடத்தில் தவறுக்கு வாய்ப்பு மிகும் என்பதே பொருள்.

நோய்க்கு வழிகோலுபவை

மருத்துவ நூல்கள் கூறும் காரணங்களை எளிய தமிழில் சொல்வோம். ஒருவர் பலரோடு உறவு கொள்வது முதற்காரணம். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தான் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தும், அவர் பிறரோடு உறவு கொள்வது இரண்டாவது. ஆணுறை அணியாமை மூன்றாவது. அறிவை மயக்கி எச்சரிக்கையை மறக்கச் செய்யும் குடி நான்காவது. இளம் பெண்களின் கருப்பை வாய் முழு வளர்ச்சி அடையாதிருப்பதால், மிக இளம் வயதில் தொடங்கும் உறவு ஐந்தாவது. இவற்றோடு இல்லத்து வன்முறையையும் சேர்க்கவேண்டும். கணவனின் அடிக்கு அஞ்சும் பெண் ‘வேண்டாம்’ என்றோ ‘உறை அணியுங்கள்’ என்றோ எவ்வாறு சொல்வாள்? வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு எச்.ஐ.வி. வரும் வாய்ப்புச் சில நாடுகளில் ஒன்றரை மடங்கு எனப் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் அறிவித்தது.

பெண்கள் அறியாமல் செய்யும் பிழைகளும் சில உள. தூய்மை என்று கருதிப் பிறப்புறுப்பின் உட்புறத்தைச் சோப்பினாலோ மருந்து நீரினாலோ கழுவுவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்துத் தொற்றுக்கு இடங்கொடுக்கும். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினாலே போதும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும், குணம் கண்டதும் பாதியில் நிறுத்துவதும் கிருமியை வலுப்படுத்தும்.

எல்லாவற்றிலும் கொடியது மறைத்தல். மேகவெட்டையும் கிளமிடியாவும் ஆணுக்கு எரிச்சலாகவும் சீழாகவும் தம்மைக் காட்டிக்கொள்வதுண்டு. பெண்ணிடம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியுமின்றிப் பதுங்கியிருக்கும். எரிச்சல் கண்ட கணவன் வெளியூரில் இரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறான். மனைவியிடம் வாய் திறப்பதில்லை. அவள் உடலில் நோய் வளர்ந்து கருக்குழாயை அடைக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கு ‘மலடி’ என்ற பட்டமும் கிடைக்கிறது! அதற்குள் அந்நோய் அவளிடமிருந்து மீண்டும் அவனையே பற்றவும் கூடும். கிரந்தி நோயோ வயிற்றிலுள்ள சிசுவையும் கொல்ல வல்லது.

செய்யத் தக்கது

ஆகவே முதல் விதி இதுவே: இருவரில் ஒருவருக்கு நோய் கண்டால், இருவரும் சிகிச்சை பெறவேண்டும். மனைவிக்கு அறிகுறி இல்லை என்பது காரணமாகாது. சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்கவேண்டும். தொடக்க நிலையிலுள்ள கிரந்தி ஒரே முறை போடும் பெனிசிலின் ஊசியால் குணமாகிறது. மேகவெட்டையும் கிளமிடியாவும் மருந்தால் தீர்பவையே. எச்.ஐ.வி.யை அடியோடு நீக்க மருந்து இல்லையெனினும், நாள்தோறும் மாத்திரை உண்டு நீண்டகாலம் நலமாக வாழலாம்; குழந்தைக்குத் தொற்றாமலும் காக்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமியைத் தடுக்க, 9 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுமியர்க்குத் தடுப்பூசி உண்டு.

அரசு மருத்துவமனைகளில் ‘சுரக்ஷா’ என்ற பெயரில் இந்நோய்களுக்கான பிரிவுகள் உள்ளன. எச்.ஐ.வி. சோதனையும் இலவசம். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். பெயர் வெளிப்படுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல்: 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் சம்மதமின்றி அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது, முடிவையும் அவர் விருப்பமின்றிப் பிறர்க்குச் சொல்லலாகாது. கருவுற்ற பெண்ணைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் கணவன், அன்றே தானும் சோதித்துக்கொள்வது குடும்பத்திற்குச் செய்யும் பேருதவி.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெள்ளைப்படுதல் அனைத்தும் பால்வினை நோயன்று. சில கிருமிகள் பல ஆண்டுகள் உடலில் உறங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படும். எனவே சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ‘யார் கொண்டுவந்தது?’ என்று வழக்கு நடத்துவதில் பயனில்லை. அவ்வழக்கில் பெரும்பாலும் பெண்ணே தண்டனை பெறுகிறாள், உண்மை வெளிவருவதில்லை. மாமியாரும் நாத்தனாரும் இதனை உணர்ந்து அவளுக்குத் துணை நின்றால், மருத்துவமனைப் படியேறும் துணிவு அவளுக்குத் தானே வரும்.

சகோதரர்களே, தொலைவிடம் செல்கிறீர்கள்; உழைக்கிறீர்கள்; அந்த உழைப்பில்தான் இல்லத்தில் உலை கொதிக்கிறது. உங்கள் வழித்துணை யாரென்று ஊர் வினவப்போவதில்லை. ஆயினும் பிழை நேர்ந்திருப்பின், வீட்டிற்குள் நுழையுமுன் மருத்துவரைக் காணுங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று சொல்லும் உண்மை ஒரு நாள் கண்ணீரோடு தீரும். சொல்லாத உண்மையோ அவள் உடலிலேயே தங்கிவிடும்.

இனி அப்பழைய பெயரை எவரேனும் நம் பிள்ளைகள் எதிரில் சொன்னால், அங்கேயே நிறுத்தித் திருத்துவோம். நோய்க்குக் கிருமிதான் காரணம். அதனைப் பெண்ணின் தலையில் ஏற்றிய பழியை நாமே இறக்கி வைக்கவேண்டும்.