மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி

லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் ஏதோ ஒரு டிரைவரின் பிழைச் செய்தியில் எழுத்துப்பிழை இருப்பதை ஒரு கல்லூரி மாணவி கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய கோப்பை முழுதாக அனுப்பினால் என்ன ஆகும்? அவர் அதைத் தரவிறக்கிய பிறகு மற்றவர்கள் அதே கோப்பில் செய்த வேலையெல்லாம் அழிந்துபோகும்.

அதனால் மாற்றத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அதுதான் பேட்ச். பழைய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, புது வரிக்கு முன்னால் கூட்டல் குறி. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்லும் 'டிஃப்' 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அந்த வேறுபாட்டை இன்னொருவரின் கோப்பில் பொருத்தும் நிரலை 1985-இல் லாரி வால் வெளியிட்டார். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவரும் அவர்தான்.

என்னை வியக்க வைப்பவை பேட்ச்சில் உள்ள மாறாத வரிகள். திருத்தத்துக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று அவையும் கூடவே வருகின்றன. வரி எண்ணும் இருக்கும். ஆனால் கோப்பின் தொடக்கத்தில் யாராவது பத்து வரி சேர்த்திருந்தால் அந்த எண் உதவாது. கதவு எண் மாறிப்போன தெருவில் 'பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வீடு' என்று விசாரித்துப் போவதைப் போல, வாலின் நிரல் அந்த அண்டை வரிகளை மேலும் கீழும் தேடுகிறது. அண்டை வரிகளே சற்று மாறியிருந்தால் ஓரத்து வரிகளை விட்டுவிட்டு மறுபடி தேடும். அப்படியும் இடம் தெரியவில்லையென்றால் ஊகித்துச் செருகாது. பொருந்தாத பகுதியைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிடும்.

அனுப்புமுன் மாணவி தன் பெயரோடு 'சைண்ட்-ஆஃப்-பை' என்றொரு வரி சேர்க்க வேண்டும். இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. தன் யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டே இந்த வழக்கம் வந்துவிட்டது.

பராமரிப்பாளர் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பலாம். மனம் தளர வேண்டாம். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களின் பேட்ச்சுகளும் இரண்டாம், மூன்றாம் பதிப்பாக உள்ளே போவது அங்கே அன்றாட நடைமுறை.

ஏற்கப்பட்ட பேட்ச் கிட்டில் பதிவாகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கிய இந்தக் கருவி ஒவ்வொரு பதிவுக்கும் 40 குறிகள் கொண்ட அடையாளம் தருகிறது. கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், நேரம், விளக்கம், முந்தைய பதிவின் அடையாளம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே அந்த மாணவியின் பதிவுக்கு மேல் அடுக்கப்படும் ஒவ்வொரு பதிவின் அடையாளத்திலும் அவர் பெயருக்குப் பங்குண்டு. அந்தப் பெயரில் ஓர் எழுத்தை யாராவது மாற்றினால், அதன்மேல் எழுந்த அத்தனை பதிவுகளின் அடையாளமும் மாறிப்போகும்.